ஒரு நிமிட நடை

தங்கும் விடுதி தேடும் செயலிகளில் 'தூரம்' என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. ஊரையும் அங்கே பார்க்க வேண்டிய இடத்தையும் தட்டினால், அந்த இடத்துக்கு மிக அருகில் உள்ள விடுதியில் தொடங்கி வரிசையாகக் காட்டும. பாரிஸ் என்றால் ஈபிள் கோபுரம். கோலாலம்பூர் என்றால் இரட்டைக் கோபுரம். செயலிக்கு எல்லாமே வரைபடத்தில் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியிலிருந்து எத்தனை மீட்டர் என்பது மட்டும்தான் அதன் கணக்கு.

கம்போடியாவின் தலைநகரான புனோம் பென்னுக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிப்போக விடுதி தேடியபோது, அந்தப் புள்ளிகளில் ஒன்றாக துவோல் ஸ்லெங் வந்து நின்றது. ஒரு விடுதி தன் சிறப்புகளை இப்படி அடுக்கியிருந்தது: நீச்சல் குளம், இலவசப் பசியாறல், 24 மணி நேர வரவேற்பு மேசை, துவோல் ஸ்லெங்கிலிருந்து ஒரு நிமிட நடை.

துவோல் ஸ்லெங் ஒரு காலத்தில் உயர்நிலைப் பள்ளி. நம்மூர் பழைய பள்ளிகள் மாதிரியே நீள நீளமான மாடிக் கட்டடங்கள், நடுவில் திடல், ஓரத்தில் மரங்கள். கெமர் ரூஜ் ஆட்சியில் அது எஸ்-21 என்ற சிறையானது. குறைந்தது 12,000 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். 18,000 வரை சொல்லும் கணக்கும் உண்டு. வதைத்து, வாக்குமூலம் எழுதி வாங்கி, இரவில் லாரியில் ஏற்றி 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சோயுங் எக் வயல்வெளிக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1979 ஜனவரியில் வியட்நாம் படை நகருக்குள் வந்தபோது அங்கே மிஞ்சியிருந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு கட்டடத்தில் இரும்புக் கட்டில்களில் கடைசியாகக் கொல்லப்பட்டவர்களின் உடல்கள் கிடந்தன. அந்தக் கட்டில்கள் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. அறைக்கு ஒரு கட்டில்.

அதற்கு எதிரே, நல்ல மெத்தையில், குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு தூங்கலாமா? இந்தக் கேள்வி எனக்குத் தானாக வந்தது என்று சொல்ல முடியாது. எனக்கு முதலில் வந்தது எக்செல்தான்.

நான் பினாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் செயல்முறைப் பொறியாளன். எதையும் கட்டம் போட்டு, எடை கொடுத்து, கூட்டிப் பார்த்தால்தான் எனக்கு நிம்மதி. விலைக்கு 30, பாதுகாப்புக்கு 25, தூரத்துக்கு 25, சுத்தத்துக்கு 20. மொத்தம் பதினோரு விடுதிகள். அந்த ஒரு நிமிட நடை விடுதிதான் முதலில் வந்தது, அதுவும் நல்ல இடைவெளியில். விலை ஓர் இரவுக்கு 140 வெள்ளி. படங்களை அம்மாவிடம் காட்டினேன். நீச்சல் குளத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். பால்கனியிலிருந்து எடுத்த ஒரு படத்தில் எதிரே ஒரு மதிலும் அதன்மேல் முள்கம்பியும் தெரிந்தன. "இது என்ன எடம்?" என்று கேட்டார். சொன்னேன்.

"அங்க போய்ப் பாக்கலாம், தம்பி. தூங்கக் கூடாது."

பேய், ஆவி என்று ஏதாவது சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். அவர் அதைச் சொல்லவில்லை. "சாவு வீட்டுக்குப் போய்ட்டு நேரா வீட்டுக்குள்ள வருவோமா? குளிச்சிட்டுத்தான வருவோம். அங்க குளிக்கிறதுக்கே ரூமுக்குள்ளதான போகணும்" என்றார். அவர் கவலையெல்லாம் அந்த வரிசைதான். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

சுங்கை பட்டாணியில் எங்கள் வீட்டுக்கு வெளியே, காடி நிறுத்தும் இடத்தின் ஓரத்தில் ஒரு குழாய் உண்டு. அந்தக் குழாய்க்குச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது ஒரு வேலை, சாவு வீட்டுக்குப் போய் வருபவர்கள் தலையில் ஊற்றிக்கொள்வது இன்னொரு வேலை. வாளியில் பிடித்து வைத்துவிட்டுத்தான் வீட்டில் இருப்பவர் கேட்டைத் திறப்பார். சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வர்றேன்' சொல்வதில்லை. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரியும். இதற்குக் கிருமி, தொற்று, காலரா என்று ஒரு விளக்கம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் படிக்கிற வயதில் நானும் அதைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். தீட்டு என்று இன்னொரு விளக்கமும் இருக்கிறது. அந்தச் சொல் உயிரோடு இருக்கும் மனிதர்களுக்குச் செய்திருக்கிற கொடுமைக்கு, அதை நான் தொடப் போவதில்லை. எனக்குப் படுவது வேறு. அந்த ஒரு வாளித் தண்ணீர் அங்கேயும் இல்லாத இங்கேயும் இல்லாத ஓர் இடம். சாவைப் பார்த்துவிட்டு வந்தவன் சோற்றுக்கு உட்காருவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் வாசலில் நிற்கிறான். ஒரு நிமிட நடையில் அது கிடைக்காது.

வேலையிடத்தில் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "கட்டில்னா கட்டில்தான்லா. நீ புடு ஜெயில் நிலத்துல போய் படம் பாக்குற, ராமேன் சாப்புடுற. அங்க மட்டும் யாரும் சாவலையா?" என்றார். ஆள் சரியான இடத்தில் பிடித்தார். 1895-இல் கட்டி முடிக்கப்பட்ட புடு சிறையில் ஜப்பானியர் காலத்தில் போர்க்கைதிகளை அடைத்து வைத்தார்கள். பின்னாளில் தூக்குத் தண்டனைகளும் நிறைவேறின. 1996-இல் மூடினார்கள், 2010-இல் மதிலை இடிக்கத் தொடங்கினார்கள். பழைய நுழைவாயிலை மட்டும் விட்டு வைத்து, மீதி இடத்தில் பேரங்காடியும் கோபுரங்களும் எழும்பிவிட்டன. கோலாலம்பூர் போனால் நானும் அங்கே போகிறேன். வாசலில் குளித்துவிட்டு வருவதில்லை.

அவருக்கு நான் சொன்ன பதில், அங்கே யாரும் அந்தச் சிறையை விற்பதில்லை என்பது. தூக்கு மேடையிலிருந்து ஒரு நிமிட நடை என்று எந்த விளம்பரமும் இல்லை. மறந்துவிட்டு நிற்பது ஒரு குற்றம் என்றால் சரி, அதை ஒத்துக்கொள்ளலாம். ஆனால் புனோம் பென்னில் நடப்பது அது இல்லை. அங்கே நினைவு இருக்கிறது, அந்த நினைவுக்குப் பக்கத்தில் இருப்பதும் ஒரு வசதியாக, நீச்சல் குளத்துக்கு அடுத்த வரியில் இருக்கிறது.

சொல்லிவிட்டேனே தவிர, அந்தப் பதில் எனக்கே முழுதாக நிற்கவில்லை. விடுதிக்காரர் சொல்வது ஒரு தகவல்தானே? துவோல் ஸ்லெங்கைப் பார்க்க ஆட்கள் வர வேண்டும் என்றுதான் கம்போடியர்களும் விரும்புகிறார்கள். 2025 ஜூலையில் துவோல் ஸ்லெங், சோயுங் எக் உட்பட மூன்று இடங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின. நாடே முயன்று வாங்கிய இடம் அது. எஸ்-21-இல் உயிர் பிழைத்தவர்களில் சும் மெய் என்பவர் ஓர் இயந்திரத் தொழிலாளி. தட்டச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்ததால் அவரைக் கொல்லாமல் வைத்திருந்தார்கள். (பொறியாளனாக இருந்துகொண்டு இதைப் படிப்பது ஒரு மாதிரி இருக்கும். வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்யத்தானே அந்த இயந்திரம்.) பின்னாளில் அவர் அதே வளாகத்தில் தன் புத்தகத்தோடு ஒரு மேசை போட்டு உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசினார். வர வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. வாருங்கள், பாருங்கள் என்றார். ஆகவே போவது தப்பில்லை. அருகில் தங்குவது மட்டும் எப்படித் தப்பாகும்?

சரி, அந்த விடுதி வேண்டாம், நகரத்தின் வேறு பகுதியில் பார்க்கலாம் என்று தேடப் போனால் வேறொரு சிக்கல். புனோம் பென்னில் 'வேறு பகுதி' என்று ஒன்று இல்லை.

1975 ஏப்ரல் 17 அன்று கெமர் ரூஜ் உள்ளே வந்ததும் மொத்த நகரத்தையும் காலி செய்தார்கள். போரால் கிராமங்களிலிருந்து ஓடி வந்தவர்களையும் சேர்த்து அப்போது அங்கே இருந்தது 2 மில்லியனுக்கும் மேற்பட்ட மக்கள். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தவர்களையும் விடவில்லை. நகரத்தின் புகழ்பெற்ற விடுதியான லெ ரோயல் 1929-இல் திறக்கப்பட்டது. போர்க்காலத்தில் அதற்கு லெ புனோம் என்று பெயர், வெளிநாட்டுச் செய்தியாளர்கள் தங்கிய இடம். கடைசி நாட்களில் செஞ்சிலுவைச் சங்கம் அதை நடுநிலைப் பகுதியாக அறிவித்து, காயம்பட்டவர்களுக்கும் அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கும் திறந்துவிட்டது. அன்றைக்கே அதையும் காலி செய்யச் சொன்னார்கள். அங்கிருந்தவர்கள் பிரெஞ்சுத் தூதரகத்துக்கு ஓடினார்கள். வெளிநாட்டவர்கள் பிழைத்தார்கள். தூதரகத்துக்குள் போன கம்போடியர்களில் பெரும்பாலோர் வெளியே அனுப்பப்பட்டார்கள். லெ ரோயல் 1997-இல் புதுப்பித்துத் திறக்கப்பட்டு, இன்று என் சம்பளத்துக்கு எட்டாத ஒரு விலையில் அறை கொடுக்கிறது.

பணக்கார விடுதிதான் அப்படி என்றில்லை. கெமர் ரூஜ் தனிச்சொத்தையே ஒழித்தவர்கள். 1979-க்குப் பிறகு மக்கள் நகரத்துக்குத் திரும்பியபோது, காலியாகக் கிடந்த வீடுகளில் யார் முதலில் புகுந்தார்களோ அவர்கள் குடியிருந்தார்கள். 1989-இல் தனிச்சொத்துரிமை மறுபடி வந்தபோது, 1979-க்கு முன்பு யாருடைய வீடு என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை. எடுத்துக்கொள்ளவும் முடியாது. எத்தனையோ வீடுகளுக்கு உரிமை கேட்டு வர ஆளே மிஞ்சவில்லை. செயலியில் 'பழமை மாறாத பிரெஞ்சுக் கால வீடு' என்று அழகழகாகப் படம் போட்டிருக்கும் சின்ன விடுதிகள் ஒவ்வொன்றிலும், 1975-இல் அடுப்பில் உலையை வைத்துவிட்டு இறங்கிப் போன ஒரு குடும்பம் இருந்திருக்கும்.

பைக்குள் ரெண்டு சட்டையோடு சுற்றும் இளைஞர்களுக்கான மலிவு விடுதிகள் ஒரு காலத்தில் போயுங் காக் ஏரிக்கரையில் இருந்தன. தண்ணீர் மேலே மரத்தூண் ஊன்றிக் கட்டியவை. 2007-இல் அந்த ஏரியை 99 ஆண்டு குத்தகைக்கு ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்தார்கள். 2008-இல் மணலைக் கொட்டி நிரப்பத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெளியேற வேண்டியிருந்தது. எதிர்த்து நின்ற பெண்கள் சிறைக்குப் போனார்கள். உலக வங்கி 2011-இல் இதைக் காரணம் காட்டிக் கம்போடியாவுக்குப் புதுக் கடன் கொடுப்பதை நிறுத்தி வைத்தது. இன்று அங்கே ஏரி இல்லை. வரைபடத்தில் புதிய சாலைகள் இருக்கின்றன, சாலையோரம் புதிய கட்டடங்கள், அவற்றிலும் தங்கும் அறைகள்.

கறை படாத அறை என்று தேடினால் அந்த ஊரில் நடைபாதையில்தான் படுக்க வேண்டும். நடைபாதையும் காலி செய்யப்பட்டதுதான்.

அம்மா கேட்டதை நான் தப்பாகப் புரிந்துகொண்டால்தான் இந்தத் தேடல் இங்கே வந்து முட்டும். அவர் சாவு நடக்காத இடத்தில் அறை கேட்கவில்லை. சாவு நடக்காத வீடு எது என்பது அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், எங்கள் தாத்தா படுத்திருந்த அறையில்தான் இப்போது என் கணினி இருக்கிறது. பார்ப்பதற்கும் படுப்பதற்கும் நடுவில் ஏதாவது ஒன்று வேண்டும் என்றுதான் கேட்டார்.

ஜப்பானியப் பொறியாளர் கெனிச்சி தாகுச்சி தர அளவுகளை மூன்று வகையாகப் பிரிப்பார். குறையக் குறைய நல்லது, கூடக் கூட நல்லது, குறித்த அளவில் இருந்தால் நல்லது. ஈயப் பற்றில் வரும் காற்றுக் குமிழி முதல் வகை. ஒட்டின் பலம் இரண்டாவது. ஈயப் பசையின் தடிமன் மூன்றாவது, கூடினாலும் கெடும், குறைந்தாலும் கெடும். விடுதி தேடும் செயலி தூரத்தை எப்போதும் முதல் வகையில் போடுகிறது. நானும் அப்படியே போட்டிருந்தேன். அதை மூன்றாம் வகைக்கு மாற்றினேன். குறித்த அளவு எவ்வளவு? மூன்று கிலோமீட்டர் என்று வைத்தேன். ஏன் மூன்று, ஏன் இரண்டு இல்லை என்று கேட்டால் என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஒரு துக்துக்கில் ஏறி, நெரிசலில் கொஞ்சம் நின்று, பேசாமல் உட்கார்ந்திருந்து இறங்குகிற தூரம். கட்டத்தில் எண்கள் மாறின, ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சாதாரண விடுதி மேலே வந்தது. நீச்சல் குளம் இல்லை. அப்பாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

இந்த மூன்று கிலோமீட்டர் ஒரு சொகுசு என்பதையும் சொல்லியாக வேண்டும். துவோல் ஸ்லெங்கைச் சுற்றி இருப்பது சாதாரணக் குடியிருப்பு. சந்து, கடை, மோட்டார் சைக்கிள் பட்டறை, காப்பிக் கடை. மேல்மாடியில் நின்று வெளியே பார்த்தால் பக்கத்து வீட்டு மாடியில் பள்ளிச் சீருடை காய்கிறது. அந்தப் பிள்ளை ராத்திரி அங்கேதான் தூங்குகிறது, ஒவ்வொரு ராத்திரியும். அவர்களிடம் போய் நடுவில் ஓர் இடைவெளி வேண்டாமா என்று யாரும் கேட்க முடியாது. அந்தத் தெரு விடுதிகளில் படுக்கை விரிப்பவர்களுக்கும் பாத்திரம் கழுவுபவர்களுக்கும் சம்பளம் வருவது, என்னைப் போல யோசிக்காமல் அங்கே அறை எடுப்பவர்களால்தான். எல்லாரும் அம்மா மாதிரி நினைத்தால் அந்தத் தெரு காய்ந்துபோகும். எங்கள் வெள்ளி அந்தத் தெருவுக்குப் போகாமல் ஆற்றங்கரைக்கும் துக்துக் ஓட்டுநருக்கும் போனது. இதை என் கட்டத்தில் எங்கே போடுவது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எதிரே வாழ்பவர் வேறு, எதிரே மூன்று இரவு தூங்கிவிட்டுப் போகிறவன் வேறு என்று நினைக்கிறேன். அந்த வீட்டுக்காரருக்கு அது அவருடைய தெரு. எனக்கு அது பட்டியலில் ஒரு வரி, பிற்பகலில் ரஷ்யச் சந்தை, மாலையில் படகு.

அப்படித்தான் அங்கே நாளை அடுக்கித் தருகிறார்கள், காலையில் சோயுங் எக், திரும்பும் வழியில் துவோல் ஸ்லெங். சோயுங் எக் வயலைப் பார்த்துவிட்டு வருபவர்களை அடுத்ததாகத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு அழைக்கும் ஓட்டுநர்கள் உண்டு என்று முன்பே படித்திருக்கிறேன். எங்களுக்கு வாய்த்தவர் அப்படி இல்லை. நாங்கள் ஏறியதும் வானொலியை அணைத்துவிட்டார். சுதந்திரச் சதுக்கத்தைச் சுற்றி, பூங்காவில் பாட்டு வைத்து ஆடிக்கொண்டிருந்த கூட்டத்தைத் தாண்டி, ஆற்றங்கரைக்கு வந்து சேர அரை மணி நேரம் ஆனது. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. விடுதி வாசலில் இறங்கியதும் மோட்டார் சைக்கிள் கழுவும் குழாய் ஒன்றைப் பார்த்துவிட்டார். அங்கே நின்றிருந்த பையனிடம் கையாலேயே சைகை காட்டினார். அவன் எதற்கு என்று கேட்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டு, ஒரு நெகிழி வாளியையும் எடுத்து வந்து வைத்தான். அம்மா காலைக் கழுவி, தலையில் கொஞ்சம் தெளித்துக்கொண்டு, எனக்கும் அப்பாவுக்கும் ஊற்றினார். வரவேற்பு மேசையில் இருந்த பெண் தரை ஈரமாவதைப் பார்த்துவிட்டு ஒரு துண்டை எடுத்துப் போட்டார்.

இவ்வளவும் பேசிவிட்டு, அன்றைக்கு மதியம் பார்த்த ஒருவரைச் சொல்லாமல் விட்டால் கணக்கு சரியாகாது. துவோல் ஸ்லெங்கில் கைதிகளை உள்ளே கொண்டுவந்ததும் எடுத்த படங்களை வரிசை வரிசையாக வைத்திருக்கிறார்கள். ஆண்கள், பெண்கள், பிள்ளைகள், நேராக நம்மையே பார்க்கும் முகங்கள். அந்த வரிசைகளுக்கு முன்னால் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா ஒவ்வொரு முகமாக நின்று நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மர நிழலில் இருந்த பெஞ்சில் எங்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சின்ன வயதில் அகதியாக வெளிநாடு போனவராம். மாமாவின் படம் இருக்கிறதா என்று தேட வந்திருக்கிறார். அன்றைக்கு நான்காவது நாள். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். கேட்டுக்கு வெளியே எதிர்ப்பக்கத்தைக் காட்டினார். என் எக்செல்லில் முதலில் வந்த அதே விடுதி. காலை 8 மணிக்குத் திறந்ததும் வந்துவிடுவதாகவும், மாலை 5 மணிக்கு மூடும்போதுதான் சாலையைத் தாண்டி அறைக்குப் போவதாகவும் சொன்னார். தூரமாகத் தங்கினால் போய்வரும் நேரம் வீண், அந்த நேரத்தில் இன்னும் ஒரு சுவரைப் பார்த்துவிடலாம் என்றார்.

அம்மாவுக்கு அவர் பேசிய ஆங்கிலம் பாதிதான் புரிந்திருக்கும். என் கையைத் தொட்டு, "சாப்ட்டாங்களான்னு கேளு" என்றார். கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். அம்மா பையிலிருந்து காலையில் வாங்கிய வாழைப்பழச் சீப்பை எடுத்து, பாதியைப் பிய்த்து அவர் மடியில் வைத்தார்.